ஐஸ் கோட்டு

மறைமலைநகர் போகும் கம்பெனி பஸ். முன் சீட்டில் ஜன்னலோரம் இருந்தவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "என் ஐஸ் கோட்டு வூட்ல பூரி சுட்டுகினு கீது."

"இன்னா அண்ணாத்த? உலையாண்ட ஆளு மயங்கி வுழுந்தான்னு, ஐஸ வெச்சி மாட்டிக்கச் சொல்லி கம்பெனி குடுத்ததாச்சே."

"என் வூட்டுக்காரி நாஸ்தா கடை போடறா இல்ல, அவ எடுத்து மாட்டிகினா. மீன்காரராண்ட ஐஸு வாங்கி அதோட பையில சொருகிகிறா."

"திருப்பிக் கேக்கறதுதான?"

"கேட்டேன். சூட்டாண்ட எட்டு மணி நேரம் நிக்கறவன் கோட்டு இல்லாம நிக்கக்கூடாதுன்னு சூப்பர்வைசர் சொன்னத அப்படியே சொன்னேன்."

"அதுக்கு?"

"'நான் பத்து மணி நேரம் நிக்கறேன்'னா."

பக்கத்திலிருந்தவர் காலடியில் கிடந்த தன் ஐஸ் கோட்டு இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.