அளவுறையின் கனம்

ஐயா, மனிதர்களுடைய பற்களின் மீது எனக்குப் பெரிய அபிமானம் எதுவும் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சியோல் நகரில், பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய பீங்கான் ஓடுகள் செய்பவன் நான்; பெயர் பியோன். மெழுகில் பல்லின் முகத்தை வடித்து, அச்சுமாவில் புதைத்து, சூளையில் மெழுகை எரித்துப் போக்கி, அந்த வெற்றிடத்தில் இளகிய பீங்கானை அழுத்தி நிரப்புவேன். பின்னர் நகத்தின் கனத்திற்குத் தேய்ப்பேன்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பல் மருத்துவமனை நடத்திய, நாம் என்னும் பெயருடைய டாக்டர் இவற்றுள் எதையும் அறியார். அவர் அறிந்தது விளம்பரம். 'பல்லை ஏறக்குறையத் தேய்க்காத புன்னகை' என்று சுரங்க ரயில் நிலையங்களில் தம் முகத்தை ஒட்டியிருந்தார். 'ஏறக்குறைய' என்னும் சொல் மட்டும் எறும்பளவில் அச்சிடப்பட்டிருந்தது.

அவரிடம் பல் ஓடு போட வந்த தோ ஹே-ரின் என்னும் பெண், தொலைக்காட்சியில் வானிலை வாசிக்கும் வேலைக்கு முயன்றுகொண்டிருந்தார். அவருடைய பற்கள் சாம்பல் பாய்ந்தவை. மெல்லிய ஓட்டின் வழியே அந்தச் சாம்பல் தெரிந்தது. இருமுறை செய்தேன், இருமுறையும் திரும்பி வந்தன. மூன்றாம் முறை டாக்டர் என்னைக் கீழே அழைத்து, அப்பெண்ணின் எதிரிலேயே ஓடு ஒன்றை விரலில் ஏந்திக் காட்டினார்.

"என்னங்க பியோன், இது பல்லா, நேத்து வேகவச்ச அரிசிக் கேக்கா?"

"அடியில இருக்கிற நிறம் தெரியுதுங்க டாக்டர். இன்னும் கொஞ்சம் கனம் வேணும்."

"கனத்துக்கு எங்க போறது? தேய்க்கமாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. கையில வித்தை இல்லேன்னு ஒத்துக்கிட்டுப் போங்களேன்."

அந்தப் பெண்ணும் சிரித்தார்.

எவ்வளவு தேய்ப்பது என்பதைக்கூட டாக்டருக்கு நானே சொல்ல வேண்டும். பல்வரிசையின் மீது மாட்டும் அளவுறை என்னும் பிசின் உறை ஒன்றைச் செய்து அனுப்புவேன். அதன் துளைகளில் தேய்ப்பு ஊசி முட்டி நிற்கும்வரை அவர் தேய்ப்பார். உறை கனமாயிருந்தால் பல் பிழைக்கும்; மெல்லியதானால் ஊசி ஆழமாக இறங்கும். அதனை அளந்து பார்ப்பது கூலிக்காரன் வேலை என்பது அவர் கருத்து.

அவ்வாரம் நான் ஹே-ரினுக்கான உறையை ஒரு மில்லிமீட்டர் மெல்லியதாக்கினேன். டாக்டர் யாருடனோ கோல்ஃப் பற்றிப் பேசியபடியே தேய்த்தாராம். எட்டுப் பற்களின் எனாமல் முற்றிலும் போயிற்று. கனமான என் ஓடுகள் எட்டும் முத்தாக அமைந்தன.

"பார்த்தீங்களா, மனசு வச்சா வருதுல்ல?" என்றார் டாக்டர்.

அதன்பின் உறையைப் பழைய கனத்திற்கு மாற்ற எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. மொத்தம் முப்பத்தேழு பேர். எனாமல் மீண்டும் வளராது என்பதை நான் அறிவேன். ஆயினும், எவர் வாயையும் என் கை தொட்டதில்லை.

ஜனவரிக் குளிரில் ஹே-ரின் மேல்தளத்திலிருந்த என் பட்டறைக்கு ஏறி வந்தார். பற்கள் அளவுக்கு மீறித் தேய்க்கப்பட்டிருப்பதை வேறொரு மருத்துவர் கண்டு சொல்லியிருந்தார். கீழ்த்தள டாக்டரோ, பிழை என்னுடையது என்று விரலை மேலே காட்டிவிட்டாராம்.

"மூச்சு இழுத்தாலே உயிர் போகுதுங்க. நாலு பல்லுக்கு நரம்ப எடுத்துட்டாங்க. வெளியில குளிர்ல நின்னு வானிலை வாசிக்க முடியாம, கிடைச்ச வேலையும் போச்சு. நான் உங்களுக்கு என்னங்க பண்ணேன்?"

"கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்கம்மா," என்றேன்.

செத்த பல் உள்ளே கறுக்கும். அழுதுகொண்டிருந்த அந்த வாயைப் பகல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தேன். என் ஓட்டின் வழியே கறுப்பு துளியும் தெரியவில்லை. அவர் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டார்.