மெல்போர்ன் மளிகை

சௌந்தரி: ஏங்க, இந்தச் சோப்பைக் கொஞ்சம் கையில வாங்கிப் பாருங்க.

வேதசிரோமணி: சோப்பு. அதுக்கென்ன?

சௌந்தரி: போன மாசம் வந்தது டப்பாவுல கச்சிதமா உக்காந்துச்சு. இது உள்ள ஓடி விளையாடுது.

வேதசிரோமணி: டப்பா பெருசாயிருக்கும்.

சௌந்தரி: பிளாஸ்டிக் டப்பா வளருமா? பிஸ்கட்டைப் பிரிச்சா பாதி காத்து. டீத்தூள் பாக்கெட் அதே உசரம், இடுப்பு மட்டும் இளைச்சிருக்கு. நமக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்ல...

வேதசிரோமணி: உற்பத்திச் செலவு உயருங்கால் நிறுவனங்கள் அளவைச் சற்றே மாற்றியமைப்பது உலகளாவிய நடைமுறை, சௌந்தரி.

சௌந்தரி: ஹெட்மாஸ்டர் ரிட்டையர் ஆகியும் பிரேயர் முடியலை. அந்தக் கம்பெனிக்கு ஒரு லெட்டர் போடுங்க.

வேதசிரோமணி: வேணாம்.

சௌந்தரி: யாரு, நீங்களா வேணாங்கறது? பிரசங்கம் அஞ்சு நிமிஷம் நீண்டுச்சுன்னு பாஸ்டருக்கே லெட்டர் எழுதின ஆளு. மேல் வீட்டுப் பொன்னியம்மாள் துணி சொட்டுதுன்னு லிஃப்ட்ல நோட்டீஸ் ஒட்டின அசோசியேஷன் செக்ரட்டரி.

வேதசிரோமணி: அது பொதுநலம்.

சௌந்தரி: சரி, ஜெருவுக்கே போன் போட்டுச் சொல்றேன். பொண்ணு மெல்போர்ன்ல உக்காந்துகிட்டு மாசாமாசம் ஆன்லைன்ல ஆர்டர் போட்டு பெருங்களத்தூருக்கு மளிகை அனுப்புறா. கம்பெனிக்காரன் ஏமாத்துறான்னு அவளுக்குத் தெரிய வேணாமா?

வேதசிரோமணி: தூங்கிட்டிருப்பா.

சௌந்தரி: அங்க இப்ப மத்தியானம்.

வேதசிரோமணி: மத்தியானம்னா... மீட்டிங்.

சௌந்தரி: ராத்திரின்னா டயர்டு. ஞாயித்துக்கிழமைன்னா எங்கயோ வெளிய. முன்னெல்லாம் நான் குழம்பு வெச்சு இறக்குற வரைக்கும் பேசுவா. இப்ப, "சாப்டியா மம்மி, அப்புறம் பேசறேன்." அதுவும் பாக்கெட் அதேதான், உள்ளதான் காத்து...

வேதசிரோமணி: அந்தச் சோப்பைக் குடு, டப்பாவுல வெச்சிடறேன்.

சௌந்தரி: பேச்சை மாத்தாதீங்க. அந்த போனை எடுங்க.

வேதசிரோமணி: நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு, இவ்விஷயத்தை அவளிடம் கொண்டு செல்வது உசிதமல்ல.

சௌந்தரி: நீங்க எதையாவது மறைச்சா எழுத்துத் தமிழ் வந்துரும். பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பாகிட்ட, "புகை பிடிக்கும் வழக்கம் அறவே இல்லை"ன்னீங்களே... அப்ப இருந்து பாக்கறேன்.

வேதசிரோமணி: சௌந்தரி...

சௌந்தரி: பேச்சுத் தமிழ்ல சொல்லுங்க.

வேதசிரோமணி: ஜெரு நிறுத்திட்டா. ஈஸ்டருக்கு அப்புறம். "கார்டு மாத்திட்டேன் டாடி, இனிமே நீங்களே அங்க வாங்கிக்கோங்களேன்"னா. கோவமெல்லாம் இல்ல. சாதாரணமாத்தான் சொன்னா.

சௌந்தரி: அப்ப இந்தப் பெட்டி?

வேதசிரோமணி: நான்தான். அவ என்னென்ன போட்டிருந்தாளோ, அதையே என் போன்லருந்து...

சௌந்தரி: லிஃப்ட்ல வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் "மை டாட்டர், மெல்போர்ன்"னு பெட்டியைத் தூக்கிக் காட்டினது?

வேதசிரோமணி: அது பழக்கதோஷம். வேற பார்சல் வந்தா கத்தரிக்கோலால குத்திப் பிரிப்பே. இதை மட்டும் நகத்தால டேப்பை உரிப்பே, பெட்டி கிழியாம. அதைப் பாத்துட்டு எப்படி நிறுத்துறது?

சௌந்தரி: தைலம்?

வேதசிரோமணி: எந்தத் தைலம்?

சௌந்தரி: முழங்கால் தைலம். பெட்டியில எல்லாம் சின்னதாகுது, அது மட்டும் பெரிய பாட்டிலா வருது. எனக்குக் கால் வலின்னு ஜெருகிட்ட நான் சொன்னதே இல்ல. ராத்திரி நான் முனகறது இந்த வீட்டுல ஒருத்தருக்குத்தான் கேக்கும்.

வேதசிரோமணி: அப்ப... உனக்கு முன்னாடியே தெரியுமா?

சௌந்தரி: முதல் பாட்டில் வந்தப்பவே அவளுக்கு போன் பண்ணினேன். எப்படிடி கண்டுபிடிச்சே, தேங்க்ஸ்டின்னேன். "என்ன தைலம், மம்மி?"ன்னா.

வேதசிரோமணி: ஐயோ. நீ என்ன சொன்னே?

சௌந்தரி: ஏதோ கனவுன்னு சொல்லி வெச்சிட்டேன்.

வேதசிரோமணி: அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் போன் போடறேன், போன் போடறேன்னு என்னை உருட்டினே?

சௌந்தரி: தைலத்தை மட்டும்தான் நீங்க சேர்த்திருப்பீங்க, மிச்சமெல்லாம் அவதான்னு நெனச்சிருந்தேன்... "சரி, போன் போடு"ன்னு நீங்க சொல்லியிருந்தா, இன்னும் கொஞ்ச நாள் அப்படியே நெனச்சிட்டு இருந்திருப்பேன்.