அத்தானின் ஸ்னோ புளோவருக்கு வந்த வருத்தம்

முதலில் தேத்தண்ணியைக் குடியுங்கள், யோகமலர் மச்சாள், ஆறிப்போகும். பனி தள்ளுகிற மெசினில் ஏன் மண்ணெண்ணெய் மணக்கிறது என்று கேட்டீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு கிழமை ஆகவில்லை, அதற்குள் பிடித்துவிட்டீர்கள். உங்கள் அண்ணர், என் அத்தான், மாதக்கணக்காக அதை மோந்தும் பிடிக்கவில்லை.

அவரைக் குறை சொல்லக் கூடாது. அத்தானும் என் அக்கா குணவதியும் எண்பத்துநான்கிலேயே ரொறன்ரோ வந்துவிட்டவர்கள். யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத தடைக் காலத்தில் நாங்கள் நாலு சொட்டுப் பெற்றோலில் மோட்டார் சைக்கிளை உதைத்து, மண்ணெண்ணெயில் ஓட்டித் திரிந்தது அவர்களுக்கு வெறும் கதை.

நான் வந்து இந்த பேஸ்மென்றில் இறங்கிய நாளிலிருந்து, பனி கொட்டிய காலைகளில் அத்தான் மேற்படியில் நின்று கத்துவார்: "டேய் வாகீசன், எழும்பி வந்து அள்ளடா." அந்தக் கூப்பாட்டுக்காகவே முழித்துக் கிடப்பேன். சிரிக்காதீர்கள். ஒரு வீட்டில் நம்முடைய பெயர் சத்தமாகக் கேட்பது சின்ன விசயமில்லை.

பிறகு அவருக்கு நெஞ்சுநோ வந்தது. இனிப் பனி அள்ளச் சவள் பிடிக்கவே கூடாது என்று டொக்டர் சொன்னார். அதுவரை பிடித்ததே நான்தான் என்று டொக்டருக்கு யார் சொல்வது? அதைச் சாட்டாக வைத்து அத்தான் ஸ்னோ புளோவர் வாங்கினார். புதுப் பொம்பிளையை அழைத்து வந்தது போல அதற்கு ஆரத்தி. ஐயர் சந்தனம் பூசி, சக்கரத்துக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசித்தார். எலியில் ஊர்வலம் போகிற பிள்ளையாருக்கு ஐந்து குதிரைவலு எஞ்சினைப் பற்றி என்ன தெரியுமோ, நான் கேட்கவில்லை. கற்பூரம் அணைவதற்குள் அத்தான் சொன்னார்: "இனி மெசின் இருக்கு. தங்கச்சியவை வரப்போகினம், கீழ் அறை வேணும். நீ ரெக்ஸ்டேல் பக்கம் ஒரு இடம் பாரன்."

உங்களில் எனக்குக் கோபமில்லை, மச்சாள். மெசினுக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் பருக்கினேன், அவ்வளவுதான். குளிரில் முக்கி, இருமி, வெள்ளைப் புகை கக்கி நிற்கிற அளவுக்கு.

ஞாயிறு தோறும் வீட்டு முன் ட்றைவ்வேயில் வைத்தியர் கூட்டம் கூடியது. எதிர்வீட்டு நீக்கிலாஸ் அண்ணை பிளக்கைக் கழற்றி ஊதிப் பார்ப்பார். மிசிசாகாவில் விமானத்துக்குச் சாப்பாட்டுப் பெட்டி ஏற்றுகிறவர், ஆனால் எஞ்சின் என்றால் தன்னை விட்டால் ஆளில்லை என்பார். "உது காபரேட்டர் பிழை, சண்முகநாதன். துப்பரவாக்கினால் பறக்கும்" என்று அத்தானுக்குச் சொன்னார். துப்பரவாக்கினார்கள். பறக்கவில்லை. நான் ரோச் லைற் பிடித்தேன். ஐயர் மந்திரத்தில் ஏதும் விழுங்கிவிட்டாரோ என்று அத்தான் கவலைப்பட்டார்.

நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. மெசின் சரிவராது என்று ஒத்துக்கொண்டு, பழையபடி என்னைக் கூப்பிட வேண்டும். அவர் கூப்பிடவில்லை. வீம்பு. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் பார்க்கப் பார்க்க எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்பார். நானாகப் போய் அள்ளியிருக்கலாமே என்பீர்கள். கேளாத வேலைக்கு வலியப் போனால் மரியாதை இருக்குமா?

இந்த ஜனவரியில், பனி அள்ள நகரத்துக்கு இராணுவம் வந்ததே, அந்தக் கிழமை. அக்கா வேலைக்குப் போய்விட்டா. பேஸ்மென்ற் யன்னல் நிலத்தோடு இருப்பதால் எனக்கு அத்தானின் சப்பாத்து மட்டும்தான் தெரிந்தது. கயிறு இழுபடுகிற சத்தம் கேட்டது. முதல்நாள் இரவு மண்ணெண்ணெயைக் கொஞ்சம் கூடவே ஊற்றிவிட்டேன், எஞ்சின் இருமக்கூட இல்லை. பிறகு சவள் சீமெந்தில் உரசியது. எனக்கும் நெஞ்சு பதறியது, பொய் சொல்லவில்லை. கட்டிலில் இருந்தபடி காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் சப்பாத்து இருந்த இடத்தில் முகம் தெரிந்தது. பனியில் கன்னத்தை வைத்துக் கிடந்தார். கண் திறந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன்.

இப்போது அக்கா எதற்கெடுத்தாலும் என்னைத்தான் தேடுகிறா. ரெக்ஸ்டேல் கதையே இல்லை. பொலீசுக்குச் சொல்வதென்றால் சொல்லுங்கள், தடுக்க மாட்டேன். கொலை என்று மட்டும் சொல்லாதீர்கள், அது அநியாயம். "வாகீசன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வெறுங்காலோடு ஓடியிருப்பேன். கையுறையோடு யன்னலில் தட்டினார்தான், கனநேரம் தட்டினார். தட்டுவதும் கூப்பிடுவதும் ஒன்றா, மச்சாள்?