எச்சில் வாளியைப் பார்த்துச் சாப்பிடு

— பின்னே, டிக்கெட் போடச் சொல்லட்டா? டிராவல்ஸ்கார வினய் கம்ப்யூட்டருக்க முன்னாலதான் இருக்கான், கேட்டியா. வெள்ளிக்கிழமை ஒரு சீட்டு இருக்காம், கோலாலம்பூருலருந்து திருவனந்தபுரத்துக்கு.

— இஞ்சேருங்க, எதுக்கு இந்த வெப்ராளமும் அவசரமும்? இன்னிக்கு ஒரு நாளு பாக்கேன்.

— ஆறு நாளா நீ இதையேதான் பறையுக. ரொட்டியும் வாழப்பழமும் தின்னுட்டு டயாலிசிஸ் வார்டுல எப்பிடி நிப்ப? நர்ஸு மயங்கி விழுந்தா நோயாளி எழும்பி வந்து தூக்குவானா? எனக்க பேச்சைக் கேளு, ஜெஸ்லின். வேலை போனாப் போட்டு. வந்துரு.

— மூணு பரீட்சை எழுதி, ரெண்டு வருசம் காத்திருந்து கிட்டின வேலையாக்கும். சாப்பாடு கிட்டல்லன்னு திரும்பி வந்து நின்னா எங்கம்மையே சிரிப்பா.

— பின்னே என்ன செய்ய? நான் இஞ்ச ஆரியசாலையில தட்டுகடை போட்டு ஊருக்கெல்லாம் தோசை சுட்டுக் குடுக்கேன். எனக்க பெண்டாட்டி மலேசியாவுல பட்டினி கெடக்கா. இந்த நாணக்கேடை ஆருட்ட போய்ச் சொல்ல... அண்ணா, ஆம்லெட் டபுளா, சிங்கிளா?... சுஜா, கொஞ்ச நேரம் கல்லைப் பாத்துக்க. உங்க மைனி லைன்ல இருக்கா.

— தங்கச்சிட்ட கடையை விட்டுட்டியளா? பாவம் சுஜா.

— அவ பாத்துக்கிடுவா. நீ இப்ப எங்க நிக்க?

— டூட்டி முடிஞ்சு அப்பிடியே வந்துட்டேன். மணிக்கூண்டுக்குப் பக்கம். இந்தத் தெலுக் இந்தான் மணிக்கூண்டு சாஞ்சாக்கும் நிக்குது, கண்டா பேடியாவும்.

— அது சாஞ்சு நின்னா உனக்கென்ன? எனக்கு உனக்க வயிறுதான் விசாரம். கடை இருக்கா பக்கத்துல?

— இஞ்ச ராத்திரிச் சந்தை. தெரு நெறையக் கடை, எல்லாம் புகையுது. எதுல நுழையன்னு தெரியல்ல.

— செரி. ஃபோனைக் காதுல வச்சுட்டு நட. நான் சொல்லுகதை மட்டும் செய்யி. முதல்ல, தோசையைத் தேடாத.

— தோசைக்கடைக்காரரே இப்பிடிச் சொன்னா எப்பிடி?

— அங்க போய் தோசை தேடினா, ஒண்ணு மாவு புளிச்சிருக்காது, இல்லன்னா எனக்க தோசை பக்கத்துல நிக்காது. அந்த ஊருக்காரன் எதை ஆசையாத் தின்னுகானோ அதைத் தின்னு. ஆட்டோக்காரனுவ எங்க கூடி நிக்கானுவ?

— ஆட்டோவே காணல்லியே இஞ்ச.

— ஆட்டோ இல்லாத ஊரா! செரி, பைக்கில பெட்டி கெட்டிட்டு வீடு வீடாச் சாப்பாடு குடுக்க பயலுவ இருப்பானுவல்லா. அவனுவளுக்கு எல்லாக் கடைக்க லெட்சணமும் தெரியும். எங்கையாவது எறங்கி நின்னு தின்னுகானுவளா பாரு.

— ஓ, நாலு பேரு நிக்கானுவ. நூடுல்ஸ் கடை. ஒரு சீனத்துத் தாத்தா. சட்டிக்குள்ள தீ எரியுது, அவரு சிரிச்சிட்டு நிக்காரு.

— கொள்ளாம். ஆனா உடனே போய் ஒக்காராத. முதல்ல எச்சி வாளியைப் பாரு.

— அய்யோ ஏசுவே! என்னத்த?

— எச்சி வாளி, எடி. தட்டுல மிச்சம் வச்சதைக் கொட்டுக வாளி. கூட்டத்தைக் கண்டு ஏமாந்துராத, விலையைக் கொறைச்சா எவன் கடையிலயும் கூட்டம் கூடும். வாளியில சாப்பாடு கெடந்தா கடை கொள்ளாது. எலும்பும் தொலியும் மட்டும் கெடந்தா தைரியமாத் தின்னு. நான் தினமும் கடை அடைக்கும்போ முதல்ல நம்ம வாளியைத்தான் பாப்பேன்.

— நல்ல பழக்கம்!

— உன்னைப் பெண்ணு பாக்க வந்தப்பவும் பாத்தேன், கேட்டியா. கை கழுவப் போறேன்னு அடுக்களைக்குப் பின்னால போய்.

— எங்க வீட்டு வாளியையா?

— பருப்பு வடை முழுசா ஏழெட்டு கெடந்துது.

— அதான் வடையத் தொடாம எழும்பினியளா? மாப்பிள்ளைக்கு வடை பிடிக்காதுன்னு எங்கம்மை இன்னிக்கும் சொல்லிட்டு நடக்கா! அப்ப எதுக்கு என்னைக் கெட்டினிய?

— வடை சுட்டது உங்கம்மைல்லா. நீயா சுட்ட?... சேட்டா, தேங்காச் சம்மந்தி அந்தக் கிண்ணத்துல இருக்கு, எடுத்துக்கிடுங்க... ம், பாத்தியா வாளியை?

— வெள்ள யூனிஃபார்மும் போட்டு, கழுத்துல கார்டும் தூக்கிட்டு, நடுத்தெருவுல எச்சி வாளியை எட்டிப் பாக்கணுமா நான்?

— பட்டினி கெடக்கவளுக்கு என்ன நாணம்? பாரு.

— பாத்தாச்சு... இஞ்சேருங்க.

— என்ன, மிச்சம் கெடக்கா?

— தாத்தா என்னைப் பாத்துட்டாரு. சிரிப்பு போச்சு. அவசரமாத் தொப்பி எடுத்துத் தலையில வைக்காரு. பக்கத்துக் கடைக்காரி மேசையத் தொடைக்கா. அதுக்கடுத்தவன் கையுறை போடுகான்.

— அது எதுக்கு?

— எதுக்கா? வெள்ள உடுப்பும் கார்டுமா ஒருத்தி வந்து வாளியைப் பாத்தா, சுகாதார ஆபீசருன்னுதான நெனைப்பாவ! இப்ப தெரு முழுக்கத் தொப்பி வைக்குது. நீங்க செஞ்ச வேலையப் பாத்தியளா?

— நல்லதுதான, சந்தை சுத்தமாவட்டு. சிரிக்காதடி, சிரிச்சா ஆபீசரு இல்லன்னு கண்டுபிடிச்சிருவாவ. விறைப்பா நட.

— முடியல்ல எனக்கு. வயிறு வலிக்குது.

— நீ போன பொறவு இன்னிக்குத்தான் உனக்க சிரிப்பைக் கேக்கேன். செரி, அடுத்த கடை சொல்லு.

— ஒரு அக்கா கடை இருக்கு. நம்ம ஆளுதான். வாழையிலையில சோறு பொதிஞ்சு அடுக்கி வச்சிருக்காவ.

— வாளி?

— வெறும் இலைதான் கெடக்கு. ஒரு பருக்கை இல்ல.

— சத்தியமா?

— சத்தியமா.

— அப்ப அந்த அக்காட்ட கேளு, ராத்திரி அவிய எதைத் தின்னுவாவன்னு. சொந்தக் கடையில தின்னாதவிய கடையில நீயும் தின்னாத.

— இதே பொதிதானாம். நாசி லெமாக்குன்னு பேரு. பிரிக்கேன்... தேங்காப்பாலுல வேவிச்ச சோறு. செவப்பா, மொளவு அரைச்ச ஒரு சம்பல். பொரிச்ச நெத்தோலி, நெலக்கடலை, பாதி முட்டை.

— தேங்காப்பாலா? நெத்தோலியா? எடி பாவி, அது நம்ம குளச்சல் சாப்பாடுல்லா! இதை வச்சுட்டா ஆறு நாளு ரொட்டி தின்ன? தின்னு, முதல்ல தின்னு. சம்பலுக்க எரிப்பு எப்பிடி?

— கண்ணுல தண்ணி வருது.

— எரிப்புக்கா?

— எரிப்புக்குத்தான்... வினய்ட்ட டிக்கெட் வேண்டாம்னு சொல்லிருவியளா?

— சொல்லுகேன். ஒண்ணு சொல்லட்டா? நீ வந்தா எனக்குச் சந்தோசம்தான். கடை அடைச்சு வீட்டுக்குப் போனா ஒரு சத்தம் இல்ல, ரேடியோவைப் போட்டு வச்சுட்டுப் படுக்கேன். ஆனா சோத்துக்காக நீ அந்த வேலையை விட்டுட்டு வந்தா எனக்குப் பொறுக்காது. செரி, அந்த அக்காட்ட ஃபோனைக் குடு.

— எதுக்கு? வேண்டாம். அவிய வேலையா இருக்காவ.

— ரெண்டு வார்த்தைதான். குடு.

— கூட்டமா இருக்குன்னு சொல்லுகேன்லா!

— குடுடி.

— ...ஹலோ, யாரு லா? நான் சாவித்ரி பேசுறேன், கடைக்காரி.

— அக்கா, நான் ஜெஸ்லினுக்க மாப்பிள்ள, பிரஜின். திருவனந்தபுரத்துலருந்து. பெரிய உபகாரம், அக்கா. அவ ஆறு நாளா நேரத்துக்கு ஒண்ணும் தின்னாமக் கெடந்தா. நாளையும் வருவா. நாலு நெத்தோலி கூட வச்சுக் குடுங்க.

— சாப்பிடலயா? யாரு தம்பி சொன்னா? ஆறு நாளா என் கடையிலதான் பசியாறுது. டெய்லி ரெண்டு பொட்டலம். நேத்து மூணு லா! பசியாறிட்டு அந்த ஓரமா போயி உட்கார்ந்து ஃபோன் பேசும். இன்னிக்குத்தான் என்னமோ எல்லார் குப்பைத் தொட்டியையும் எட்டிப் பார்த்துக்கிட்டு வந்துச்சு. உடம்புக்கு ஒண்ணும் இல்லயே?

— ...அவகிட்ட குடுங்க, அக்கா.

— இஞ்சேருங்க...

— கள்ளி.

— வந்த அன்னிக்கு ‘தின்னாச்சு’ன்னு சொன்னேன். நீங்க ‘செரி’ன்னு வச்சுட்டிய. நாப்பது செகண்டு. மறுநாளு ‘ஒண்ணும் கிட்டல்ல’ன்னேன். முக்கா மணிக்கூறு பேசினிய, தோசைக்கல்லை விட்டுட்டுப் பேசினிய. பின்னே நான் என்ன செய்ய? டிக்கெட் போடுக வரைக்கும் போவியன்னு நான் கண்டேனா? கோவமா? ஃபோனை வச்சிராதிய. எதாவது சொல்லுங்க.

— சுஜா, இன்னிக்கு நீயே கடையை அடைச்சிரு, கேட்டியா... ஜெஸ்லின், நாளைக்கு எந்தத் தெருவுல தேடப் போறோம்?