நெற்றி நடுவில் சனி

— கதவைத் திறங்க. நேமத்தான்பட்டிச் சம்பந்தி வீட்டுலேருந்து சீர்ச்சாமான் திரும்பி வந்துருச்சு. பாத்திரம் பண்டம், நகைப்பெட்டி, அம்புட்டும் வளவு முத்தத்துல கிடக்கு.

— நீயே எடுத்து வையி, தேனம்மை. என்னால பாக்க முடியாது.

— எனக்கு மட்டும் பாக்கணும்னு ஆசையா? நம்ம மக கண்ணை மூடி மாசம் ஒண்ணு ஆகல, அதுக்குள்ள கட்டி அனுப்பிட்டாக. வழக்கம்னா வழக்கம்தான், அதைச் சொல்ல வரல. நாச்சியம்மைக்குப் படைக்கணும். அவ படம் வேணும்.

— சேலை வச்சுப் படைச்சாப் போதும். நம்ம வீட்டுல அப்படித்தானே.

— சேலைக்கு முகம் இருக்கா? கல்யாணத்துக்கு முந்தின நாள் தோட்டத்துல உக்கார வச்சுப் பிடிச்சீகளே, அது எங்க?

— அதுல படம் விழுகலைன்னு அன்னைக்கே சொன்னேன்ல.

— படம் விழுகாத கண்ணாடித் தகட்டை எதுக்குப் பட்டுத்துணியில சுத்தி வச்சிருந்தீக? இந்த இருட்டறையில அடைஞ்சு கிடந்து என்னதான் செய்றீக? வெளிய அந்தப் பித்தளைக் குழாய் மழையில நனையுது. முன்னெல்லாம் அதுமேல ஒரு சொட்டு விழுந்தாலும் என்னைய வைவீக.

— நனையட்டும். களிம்பேறி ஒழியட்டும் அந்த டெலஸ்கோப்பு.

— எனக்குப் பயமா இருக்கு. என்னன்னு சொல்லுங்க.

— கேளு. கல்யாணத்துக்கு முந்தின வாரந்தான் டெலஸ்கோப்பு வழியாச் சனியைப் படம் பிடிச்சேன். எத்தனையோ ராத்திரி பாடுபட்டதுக்கு அன்னைக்குத்தான் ஆடாம அசையாம நின்னுச்சு, விளங்குதா? வேலை மும்முரத்துல தகட்டைக் கழுவாம அப்படியே பெட்டியில வச்சுட்டேன். பிறகு நாச்சியம்மையைப் பிடிச்சேன். கழுவிப் பாத்தா, பிள்ளை நெத்தி நடுவுல சனி. வட்டமா, ரெண்டு பக்கமும் வளையத்தோட.

— அது எப்படி அங்குட்டு வரும்?

— சனியைப் பிடிச்ச தகட்டையே மறந்து மறுபடி போட்டிருக்கேன். ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்துருச்சு. மிச்சத் தகட்டையெல்லாம் கழுவிப் பாத்துட்டேன். எதுலயும் சனி இல்லை, விளங்குதா?

— எங்க அப்பச்சி சனியைப் பிடிச்சுட்டாகன்னு உங்களைப் பத்தி அவதான் தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா.

— அந்த வாரம் ஜோசியர் என்ன சொன்னாரு? “பிள்ளைக்கு ஏழரைச் சனி கழியட்டும், அழகுசுந்தரம் செட்டியாரே, பிறகு கல்யாணத்தை முடிக்கலாம்”னாரு. “அவனை நான் கண்ணாடிக்குள்ள அடைச்சு வச்சிருக்கேன்”னு அத்தனை பேரு முன்னாடி சிரிச்சேன்.

— நானுந்தான் சிரிச்சேன்.

— நீ சிரிச்சதோட சரி. அவனைக் கொண்டாந்து அவ நெத்தியில வச்சது என் கை.

— நீங்களா இப்படிப் பேசுறீக? அது வெறும் உருண்டைன்னு ஊரைக் கூட்டி வச்சுக் காட்டுன மனுசனா? அவ விசக்காய்ச்சல்ல போனா. அவ மாமியா வீட்டுத் தெருவுல இன்னும் நாலு பேரு போனாக. அவுக நெத்தியிலயெல்லாம் யாரு கொண்டுபோயி வச்சது?

— எனக்குத் தெரியாது. எதுவும் தெரியாது.

— எது விழுந்திருந்தாலும் விழுந்துட்டுப் போகுது. எனக்கு அவ முகம் வேணும். குங்குமத்தை வச்சு அதை மறைச்சுக்கிறேன். கொடுங்க.

— அவனோட சேத்து அவளை இந்த வீட்டுல வைக்க மனசு கேக்கல, தேனம்மை. நேத்து தகட்டைத் தண்ணியில ஊற வச்சேன். நெத்தியை மட்டும் கத்தியால சுரண்டிடலாம்னு.

— அய்யோ. பிறகு?

— நெத்தியோட நிக்கல. முகம் அம்புட்டும் ஏடா உரிஞ்சு வந்துருச்சு. இப்ப வெறுங்கண்ணாடிதான் இருக்கு.

— ...வட்டமா இருந்துச்சுன்னீகளே. வகிட்டுக்குக் கீழயா?

— நேர் கீழ.

— கதவைக் கொஞ்சம் திறந்து கையை நீட்டுங்க. நகைப்பெட்டியில மேலாக இருந்துச்சு, கையோட எடுத்தாந்தேன்.

— நெத்திச்சுட்டி.

— அன்னைக்குப் படம் பிடிக்கையில நீங்க கேமராக் கறுப்புத் துணியை விட்டு எந்திரிச்சுத் தகட்டை மாட்டிக்கிட்டு இருந்தீக. அந்த நேரத்துலதான் ஓடிப்போயி இதை அவ வகிட்டுல மாட்டிவிட்டேன்.

— நான் கவனிக்கலையே.

— ஆடாம இரு ஆத்தான்னு நீங்க சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியல. தலையை அசைக்காமத்தான் இருந்தா. இந்த ஒத்தைக் கல்லு மட்டும் இங்குட்டும் அங்குட்டும் ஆடிக்கிட்டே கிடந்துச்சு. அதுதான் வட்டமும் வளையமுமா விழுந்திருக்கு. சனி உங்க கண்ணாடியில என்னைக்குமே விழுகலைங்க. நீங்க சுரண்டி எடுத்தது என் பிள்ளை சிரிப்பை.