செல்லு ஊசிக்காரரு

இல்லீங்க சார், உள்ள வர வேணாம். அந்தச் சேர வாசப்பக்கம் இழுத்துப் போட்டு ஒக்காருங்க. கோச்சிக்காதீங்க, ஒங்க சென்ட்டு வாசன தூக்குது. பாப்பா ஆக்சிஜன்ல இருக்கா. ஏழு மாசத்துலயே பொறந்தவ, மிசினு வெச்சி மூச்சு குடுத்ததுல நுரையீரலு கெட்டுப்போச்சி. ஒங்களுக்குத் தெரியாததா? தெரிஞ்சிதான வந்திருக்கீங்க.

ம், சொல்லுங்க. தொப்புள்கொடி ஸ்டெம்செல்ல ஊசியில ஏத்துனா அதுவே தேடிப்போயி, கெட்டுப்போன எடத்தக் கண்டுபுடிச்சி, சரி பண்ணிடும்ங்கிறீங்க. அடேங்கப்பா! எங்க தெருவுல ஒடஞ்ச பைப்பத் தேடி ஊரு பூரா குழி தோண்டுனாங்க. அவங்களுக்கும் ஒரு ஊசி போட்டுட்டுப் போங்க.

எங்க மாமனாரு பீங்கான் கம்பெனியில சூளை வேல. கீறல் உழுந்த கப்ப யோசிக்காம ஒடச்சிப் போடுற மனுசன், ஒங்க வீடியோவப் பாத்துட்டுத் தேம்பித் தேம்பி அழுவுறாரு. முந்திரிக் கொல்லைய வித்துடலாம்னுட்டாரு. இப்ப அத வெல பேசத்தான் எல்லாரும் போயிருக்காங்க. ஒங்க நம்பரப் புடிச்சது எங்க வூட்டுக்காரரோட அண்ணன், அறிவழகன். ஸ்டெம்செல்லப் பத்தி எனக்கே பாடம் எடுக்குறாரு, வாயில பீடிய வெச்சிக்கினு. வெளிய போயி குடிங்கன்னா ஜன்னலுக்கு அந்தாண்ட நின்னு ஊதுறாரு.

மாமியாவா? தலைக்கு ஊத்துன புள்ளைக்கு சாம்பிராணி போடலன்னா சளி புடிச்சிக்கும்பாங்க. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா கூடாதுன்னு தலையில அடிச்சிக்கினாங்களேன்னா, அவளுக்கு என்னா தெரியும்னு கேக்குறாங்க. கொல்லைய வித்து ஊசி போடுன்னா அவரு டாக்டரு. காசு வாங்காம, புகையப் போடாதன்னா அவ டாக்டரு இல்ல. தாயத்துல காஞ்ச தொப்புள்கொடி இருக்குதாம், அதுல எடுத்தா வெல கொறையுமான்னு கேக்கச் சொன்னாங்க. சிரிக்காதீங்க சார், நெசமாத்தான்.

நானும் டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன். இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்குதாம். பலிக்குமா பலிக்காதான்னு யாருக்கும் உறுதியா தெரியாதாம், அதுல சேத்துக்கினா காசே வாங்க மாட்டாங்களாம். ஏன் சார் மொகம் இப்பிடி சுருங்குது? மோரு குடிங்க.

வண்டி வந்துடுச்சி. எங்கியா? திட்டக்குடி பக்கம், எங்க அம்மா வூட்டுக்கு. கொல்லைக்குப் போனவங்க வரதுக்குள்ள கெளம்பணும். பாப்பாவ நான் தூக்கிக்கிறேன், நீங்க அந்தச் சிலிண்டரப் புடிங்க.

என்னாது? ரெட்டப் புள்ளைங்களுக்குச் சேத்துப் போட்டா வெல கம்மியா? அப்பிடியா சொல்லியிருக்காங்க ஒங்ககிட்ட? ஒண்ணுதான் சார் இப்ப. பையன் போன மாசம் போயிட்டான். பேரு வெக்கிற அன்னிக்கி நான் குளிச்சிட்டு வரதுக்குள்ள மொதல்ல அவனுக்குத் தலைக்கு ஊத்தி, சொந்தக்காரங்க எல்லாம் சுத்தி நின்னு, கூடையக் கவுத்து சாம்பிராணி போட்டுட்டாங்க. ராத்திரிக்குள்ள மூச்சு நின்னுபோச்சி.

அப்பவே செல்லு ஊசி போட்டிருந்தா பொழச்சிருப்பான்னு இன்னிக்கும் எல்லாரும் அழுவுறாங்க சார். பாத்துத் தூக்குங்க, கனமா இருக்கும்.