நூறு மாடியும் இருபது அடியும்

கொருக்குப்பேட்டையில் காலை ரயில் ஏறினேன். எதிர் சீட்டில் இருவர், அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துக்கு கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள்.

“நேத்து படத்துல ஹீரோ நூறாவது மாடிலேர்ந்து வுயுந்தான் மாமு. சட்டையத் தட்டிக்கினு ஏந்து போறான்! நான் விசில் அடிச்சிக்கினு கீறேன், நீ இன்னாடான்னா ஏந்து வெளிய பூட்ட.”

“அந்த எடத்துல உக்கார முடில.”

“படம்டா அது. ஜாலியா பாக்கணும்.”

“ஜாலியாத்தான் பாத்துக்கினு இருந்தேன். நம்ம சேகரு போன மாசம் சாரத்துலேர்ந்து வுயுந்தது இருவது அடிதான் மாமு. ஏந்துக்கவே இல்லியே.”

தண்டையார்ப்பேட்டையில் ரயில் நின்று கிளம்பியது.

“சேஃப்டி பெல்ட்டு போட்டிருந்தா பொயச்சிருப்பான்.”

“பெல்ட்டு ஸ்டோர்ல பூட்டிக் கெடக்குது. ஆபீசருங்க பாக்க வர்ற அன்னிக்குத்தான வெளிய எடுப்பானுங்க.”

“இன்னிக்கு வராங்களாம்.”

“அப்ப இன்னிக்கு ஒரு நாளு நமக்கும் சாவு கெடையாது.”